இதயம் நின்ற பின்னும் நனவு இருக்குமா?

மாணவர்களே, "இறந்து மீண்டு வந்தார்" என்று பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். இத்தொடரை உங்கள் கட்டுரையில் எழுதுமுன் சற்று நில்லுங்கள். இதயம் நிற்பது வேறு, மூளை மீளமுடியாதவாறு அழிவது வேறு. இதயம் நின்றதும் மூளைக்கு ஒட்சிசன் செல்வது தடைப்படுகிறது. சில வினாடிகளில் நனவு, அதாவது தன்னையும் சூழலையும் அறியும் நிலை, அற்றுப்போகும். ஆயினும் மூளைக் கலங்கள் அக்கணமே இறப்பதில்லை. இந்த இடைவெளியில் மார்பை அழுத்தி மீட்கப்படுபவர் மரணத்தின் வாசல்வரை சென்றவர், இறந்தவர் அல்லர்.

அவ்வாறு மீண்டோருட் சிலர் பேரொளியைக் கண்டதாகவும், தம் உடலை மேலிருந்து பார்த்ததாகவும் கூறுவர். இவற்றை 'மரண அண்மை அனுபவம்' என்பர். அமெரிக்கரான றேமண்ட் மூடி 1975இல் வெளியிட்ட நூலினாலேயே இது உலகெங்கும் பேசப்படலாயிற்று.

நெதர்லாந்தில் பிம் வான் லொம்மல் என்னும் இதயநோய் வைத்தியர் 10 வைத்தியசாலைகளில், இதயம் நின்று மீண்ட 344 பேரை ஆராய்ந்தார். 2001இல் முடிவு வெளியாயிற்று. 62 பேரே, அதாவது 18 வீதத்தினரே, இவ்வனுபவத்தைக் கூறினர். ஒட்சிசன் குறைவு மட்டுமே காரணமாயின் எல்லோருக்கும் அல்லவா இது ஏற்பட்டிருக்க வேண்டும் என்று அவர் வினவினார். நல்ல வினாதான். ஆனால் அனுபவம் ஏற்பட்டும் நினைவில் தங்காதவர்கள் எத்தனை பேர் என்பதை இந்த எண்ணிக்கை காட்டாது.

உடலை மேலிருந்து பார்த்தல் உண்மையா எனச் சோதிக்க, சாம் பார்னியா குழுவினர் ஒரு வழி கண்டனர். வைத்தியசாலை அறைகளில் உயரத்தே தட்டுகள் அமைத்து, மேலிருந்து நோக்கினால் மட்டுமே தெரியும் படங்களை அவற்றில் வைத்தனர். இதை வகுப்பிற் கூறியபோது, "அப்ப ஆரும் அந்தப் படத்தைப் பார்த்தவையா சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி அதுவே. 2014இல் வெளியான முடிவின்படி, 2060 பேரின் இதயம் நின்ற சம்பவங்கள் பதிவாயின. தனக்குச் சிகிச்சை நடந்ததை ஓரளவு சரியாக விபரித்தவர் ஒருவரே. அவருக்குச் சிகிச்சை நடந்த இடத்திலோ அத்தகைய தட்டு இருக்கவில்லை!

இனி மூளையின் பக்கம் வருவோம். 2002இல் ஒலாஃப் பிளாங்கே குழுவினர் ஒரு வலிப்பு நோயாளியின் மூளையின் வலப்பக்கத்தில் ஓரிடத்தை மின்னால் தூண்டினர். அவர் தன் உடலை மேலிருந்து காண்பதாகக் கூறினார். அவர் இறக்குந் தறுவாயில் இருந்தவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். 2013இல் ஜிமோ போர்ஜிகின் குழுவினர், எலிகளின் இதயம் நின்ற சில வினாடிகளில் மூளையின் மின்னலைகள் சிறிது நேரம் எழுச்சியுற்றதைக் கண்டனர். 2023இல் செயற்கைச் சுவாசம் நிறுத்தப்பட்ட நான்கு நோயாளிகளுள் இருவரிடமும் இத்தகைய எழுச்சி பதிவாயிற்று.

அவ்விருவரும் அப்போது எதைக் கண்டனர்? அவர்கள் மீளவில்லை, ஆதலால் கேட்டறிய வழியில்லை.