டெல்டாவின் கற்கள் – 9: கல்லறையில் ஒரு கழித்தல் கணக்கு

சென்ற வாரம் பட்டீஸ்வரம் வயல்வெளியில் உள்ள பள்ளிப்படையைப் பார்த்தோம். சிற்றன்னை பஞ்சவன் மாதேவியின் நினைவாக ராஜேந்திர சோழன் எழுப்பிய கோயில் அது. சோழர்கள் இறந்தவருக்குக் கோயில் கட்டினார்கள். கடல் கடந்து வந்தவர்கள் பெயரையும் ஆண்டுகளையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். தஞ்சாவூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று டெல்டா முழுக்க அந்தக் கற்கள் இருக்கின்றன.

அவற்றை வாசிக்க ஒரு விளையாட்டு கைகொடுக்கும். அதற்குப் பெயர் ஜியோகேச்சிங். ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. உடனே ஆரிகன் மாநிலத்துக்காரர் டேவ் உல்மர் காட்டோரத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, இடக்குறிப்பை இணையத்தில் போட்டார். 'முடிந்தால் கண்டுபிடியுங்கள்' என்ற அந்த ஆட்டம் அங்கிருந்து பழைய கிராமத்துக் கல்லறைகளுக்கும் போனது. கல்லறைக்குள் தோண்டக் கூடாது. ஆகவே டப்பா வெளியே எங்காவது இருக்கும். கல்லில் உள்ள ஆண்டுகளைக் கூட்டிக் கழித்தால் அது இருக்கும் இடத்தின் எண் கிடைக்கும். விளையாட வந்தவர், முதலில் குடியேறிய குடும்பங்களின் கதையைத் தெரிந்துகொண்டு திரும்புவார்.

நாம் டப்பாவை விட்டுவிடுவோம், கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தரங்கம்பாடி. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு அனுமதி கொடுத்த ஊர். 1845-ல் அவர்கள் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இங்குள்ள புதிய எருசலேம் ஆலயத்தில், பீடத்தருகே பாதிரியார் பர்த்தலோமேயு சீகன்பால்க் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் கரையிறங்கியது 1706 ஜூலை. ஆலயம் பிரதிஷ்டையானது 1718 அக்டோபர். இறந்தது 1719 பிப்ரவரி, வயது 36. கழித்துப் பார்த்தால், தான் கட்டிய ஆலயத்தில் அவர் நின்று பேசியது நான்கு மாதம். கரையிறங்கியதிலிருந்து இறந்தது வரை பன்னிரண்டரை ஆண்டு. அதற்குள் தமிழ் படித்தார், அச்சகம் வைத்தார்; 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. கூட உழைத்த கிரண்ட்லர் அடுத்த ஆண்டே போய்ச் சேர்ந்தார். அவருக்கும் அதே ஆலயத்தில்தான் இடம்.

பன்னிரண்டரை ஆண்டில் இவ்வளவு எப்படி முடிந்தது? விடை கல்லில் இல்லை. உள்ளூர் வாத்தியார் ஒருவர் தன் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளை சீகன்பால்க் வீட்டுக்கே கூட்டிவந்தார். பாதிரியார் அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதினார். அதன்பிறகு பேச்சு மொழிக்குத் துபாஷி, படித்துக் காட்ட ஏட்டுச் சுவடிகள். தமிழ் நூல்களைத் தேடிச் சேர்த்து 1708-லேயே பட்டியல் போட்டுவிட்டார். கல்லில் இருப்பது ஒருவர் பெயர். அதைத் தாங்கி நின்றவர்கள் ஒரு தெருவுக்குத் தேறுவார்கள்.

இதே கணக்கைத் தஞ்சாவூரிலும் போடலாம். சுவார்ட்ஸ் பாதிரியார் இந்தியாவுக்கு வந்தது 1750, இறந்தது 1798 பிப்ரவரி 13. ஆக, ஏறக்குறைய 48 ஆண்டுகள். மன்னர் துளஜா தன் சுவீகாரப் பிள்ளை சரபோஜியை இவர் பொறுப்பில்தான் விட்டுப்போனார். சரபோஜி அரியணை ஏறியபின், தன் குருவுக்காக ஆங்கிலத்தில் தானே பாட்டெழுதிக் கல்லறையில் வெட்டவைத்தார். லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லி ஒரு பளிங்குச் சிற்பமும் செய்வித்தார். சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டிய தேவாலயத்தில் அது இருக்கிறது. கட்டிலில் சுவார்ட்ஸ், பக்கத்தில் மன்னர், தலைமாட்டில் நண்பர் கெரிக்கே. எல்லோரும் பார்ப்பது இவர்களைத்தான். கால்மாட்டைப் பாருங்கள். சுவார்ட்ஸின் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மூன்று பேர் நிற்கிறார்கள்.

அந்தப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்தான் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சரபோஜியோடு படித்தவர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். குருவின் கல்லறையில் நின்றால் மாணவரின் தமிழுக்கு வழி கிடைக்கிறது. இந்த வேட்டையில் கிடைக்கும் லாபம் இதுதான்.

நீங்களும் கிளம்பலாம். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905-ல் நூலாக்கியிருக்கிறார். அதுவே நல்ல வரைபடம். ஆலய நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். உச்சி வெயிலில் தேய்ந்த எழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ போனால், சாய்வெயிலில் வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். நிழலான மூலையென்றால், முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். சாக்பீஸ், கம்பி பிரஷ், ஆசிட் மூன்றும் வேண்டாம். பாசியைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போகும். போட்டோ எடுங்கள், போனில் இடக்குறிப்பைச் சேமியுங்கள்.

நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி காலியாக விடுங்கள். இவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் யார், சமைத்துப் போட்டவர் யார், இந்தக் கல்லைச் செதுக்கியவர் யார்? ஞானஸ்நானப் பதிவேடு, ஜெர்மனியின் ஹாலே நகரில் காக்கப்படும் மிஷன் கடிதங்கள், தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் மோடி எழுத்தில் உள்ள ஆவணங்கள் என்று அந்த வரியை நிரப்பத் தேட வேண்டிய இடங்கள் உண்டு. டெல்டாவின் சரித்திரத்தில் பாதி அந்தக் காலி வரியில்தான் இருக்கிறது.

அடுத்த வாரம்: நாகப்பட்டினத்து டச்சுக் கல்லறைகள்.

(தொடரும்)