பின்னாடி ஆள் ஏறினா அது வேற வண்டி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

ஸ்போர்ட்ஸ் டூரர் வெச்சிருக்கிறவங்ககிட்ட இருந்து வர்ற கேள்விகளில் ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்ப வருது. "தனியா ஓட்டும்போது வண்டி அருமையா இருக்கு. பின்னாடி ஆள் ஏறி, ரெண்டு பக்கமும் பேக் மாட்டினதும் வளைவுல வெளியே இழுக்குது, பிரேக் பத்தாத மாதிரி இருக்கு, எதிரே வர்றவங்க எல்லாரும் நம்மைப் பார்த்து டிம் பண்ணச் சொல்லி லைட் அடிக்கிறாங்க. வண்டியில ஏதாவது கோளாறா?"

பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. தனியா ஓட்டுறதுக்கு வெச்ச செட்டிங்கை மாத்தாம, ரெண்டு பேரும் லக்கேஜும் ஏறிட்டோம். அவ்வளவுதான் காரணம். இன்னைக்கு முழுக்க அதைப் பத்தித்தான் பேசப்போறோம்: எடை ஏறினா வண்டியில் என்னென்ன மாறுது, கிளம்புறதுக்கு முன்னாடி எதை எதைத் தொடணும்.

முதல்ல, இது என்ன வகை வண்டி?

ஸ்போர்ட்ஸ் வண்டியோட எஞ்சின், பிரேக், 17 அங்குலச் சக்கரம் எல்லாம் இதுல இருக்கும். ஆனா ஹேண்டில் கொஞ்சம் மேலே, சீட் கொஞ்சம் அகலம், காத்தைத் தடுக்க நல்ல ஃபேரிங்கும் கண்ணாடியும், பெரிய டேங்க், பின்னாடி ஆள் உட்கார நிஜமான இடம். 1976ல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்த ஆர் 100 ஆர்எஸ் இந்த வகைக்கு ஒரு முக்கியமான தொடக்கம். காற்றுச் சுரங்கத்தில் சோதிச்சு வடிவமைச்ச முழு ஃபேரிங்கோட வந்த வண்டி அது. நம்ம ஊர்ல 2003ல் வந்த கரிஸ்மாவை வெச்சுத்தான் ஒரு தலைமுறையே நீண்ட பயணம் போகக் கத்துக்கிச்சு. இன்னைக்கு நிஞ்சா 650ல தொடங்கி நிஞ்சா 1000 எஸ்எக்ஸ் வரைக்கும் இந்த வேலைக்கு ஓட்டுறாங்க.

இந்த வண்டிகளோட அழகே ரெண்டு வேலையும் செய்யும்கிறதுதான். ஞாயித்துக்கிழமை காலைல தனியா ஈசிஆர்ல பாண்டிச்சேரி. அடுத்த வாரம் ஜோடியா ஏற்காடு. ஆனா ரெண்டுக்கும் ஒரே செட்டிங் சரிவராது.

ஒரு சின்னக் கணக்கு

நிஞ்சா 650யோட எடை பெட்ரோலோட சேர்த்து சுமார் 196 கிலோ. ஓட்டுறவர் 75 கிலோன்னு வெச்சுக்கோங்க. மொத்தம் 271. இப்போ பின்னாடி 60 கிலோ ஆள், ரெண்டு பக்கப் பையில 25 கிலோ சாமான். மொத்தம் 356 ஆயிடுது. மூணுல ஒரு பங்கு கிட்ட எடை கூடிடுச்சு. ஆயிரம் கிலோ கார்ல இதே 85 கிலோவை ஏத்தினா கார் கண்டுக்கவே கண்டுக்காது.

அதைவிட முக்கியம், அந்த எடை எங்கே உட்காருதுங்கிறது. ஏறுன 85 கிலோவில் பெரும்பகுதி பின்சக்கரத்துக்கு மேலே, அதுவும் உயரத்துல இருக்கு. அதனாலதான் வால்பக்கம் இறங்கி மூக்கு தூக்கிக்குது.

மேனுவலில் அதிகபட்சம் எவ்வளவு எடை ஏத்தலாம்னு ஒரு எண் இருக்கும். ஓட்டுறவர், பின்னாடி இருக்கிறவர், சாமான், ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து அந்த எண்ணுக்குள்ள வரணும். முதல்ல அதைப் பாருங்க.

வால் இறங்கினா என்ன ஆகும்?

கேள்வியில சொன்ன தொல்லையில் பாதிக்கு இதுதான் காரணம். பின்பக்கம் இறங்கும்போது முன் ஃபோர்க் இன்னும் சாய்வாகுது. ஹேண்டில் மந்தமாகுது. வளைவுல நீங்க நினைச்ச கோட்டைவிட வண்டி வெளியே போகுது. முன்சக்கரத்து மேல இருக்கிற பாரத்தோட பங்கு குறையுது. ஹெட்லைட் மேல் நோக்கிப் போய் எதிரே வர்றவர் கண்ணுல அடிக்குது. ஸ்பீட் பிரேக்கர்ல அடிவயிறு உரசுது.

இதுக்கு மருந்து, பின் ஷாக்கில் இருக்கிற ப்ரீலோட் அட்ஜஸ்ட்மென்ட். பல வண்டிகளில் அதுக்குன்னு ஒரு கொக்கி ஸ்பேனர் வேணும்; நிஞ்சா 1000 எஸ்எக்ஸ் மாதிரி வண்டியில கையால திருகுற குமிழே இருக்கு. ப்ரீலோட் கூட்டினா ஸ்பிரிங் விறைப்பாயிடும்னு பலரும் நினைக்கிறாங்க. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். அதை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைக்கிறதால, எடை ஏறினாலும் வண்டி பழைய உயரத்துக்கு வந்து நிக்குது. நமக்கு வேண்டியது அதுதான்.

எவ்வளவு திருகணும்? அளந்து பார்த்துடலாம். இதுக்கு இன்னும் ரெண்டு பேர் உதவி வேணும். பின் ஆக்ஸில்ல இருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே ஒரு இடத்துல டேப் ஒட்டுங்க. உதவிக்கு வந்தவங்க பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்து மேல பாரமே இல்லாம வெச்சதும் அந்தத் தூரத்தை அளங்க. அப்புறம் போகப்போற மாதிரியே ரெண்டு பேரும் முழு கியரோட ஏறி உட்காருங்க, பையும் மாட்டியிருக்கட்டும். மறுபடி அளக்கச் சொல்லுங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி இறங்குன அளவு. சாலையில ஓட்டுற வண்டிக்கு இது பொதுவா 30, 35 மில்லிமீட்டர் பக்கம் இருந்தா நல்லது. 50ஐத் தாண்டிடுச்சுன்னா ப்ரீலோட் கூட்டணும். தனியா ஓட்டும்போது எத்தனையாவது படியில இருந்துச்சுன்னு எழுதி வெச்சுக்கோங்க. ஊர் திரும்பினதும் பழைய இடத்துக்கே கொண்டுவரணும்.

இதை முடிச்ச பிறகும் லைட் தூக்கலா இருந்தா, ராத்திரி ஒரு சுவருக்கு முன்னாடி ரெண்டு பேரும் உட்கார்ந்து ஹெட்லைட்டை இறக்கிடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

டயர்

வண்டியோட ஸ்விங் ஆர்ம்லயோ செயின் கவர்லயோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எவ்வளவு காத்து வேணும்னு அதுலயும் மேனுவல்லயும் போட்டிருக்கும். எடை ஏறினா தனி அளவு இருக்கான்னு பாருங்க. காலைல கிளம்புறதுக்கு முன்னாடி, டயர் குளிர்ச்சியா இருக்கும்போது பார்க்கணும். பத்து கிலோமீட்டர் ஓட்டி பங்க்குக்குப் போய்ப் பார்த்தா டயர் சூடாகி அழுத்தம் கூடுதலாக் காட்டும். அதைப் பார்த்துக் காத்தை இறக்கிட்டீங்கன்னா குறைவான காத்தோட ஹைவேயில போறீங்க. காத்து குறைஞ்ச டயர் ஒவ்வொரு சுத்துக்கும் அதிகமா நசுங்கி விரியும். அந்த அசைவே சூடாகும். மே மாசத் தார் ரோடு, மேல 356 கிலோ, இதோட இந்தச் சூடும் சேர்ந்தா டயருக்கு நல்லதில்லை. சொந்தமா ஒரு கேஜ் வாங்கி வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு. நேரான ஹைவேயிலேயே ஓடின டயர் நடுவுல மட்டும் தேஞ்சு தட்டையாயிடும். ஓரம் புதுசு மாதிரியே இருக்கும். இந்த டயரோட கொல்லிமலை ஏறினா, முதல் கொண்டை ஊசி வளைவுலயே வண்டி சாயும்போது ஒரு விளிம்புல ஏறி டக்னு விழுற மாதிரி தெரியும். அப்படித் தெரிஞ்சா டயர் மாத்துற நேரம் வந்தாச்சு. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2324ன்னு இருந்தா 2024ஆம் ஆண்டு 23ஆவது வாரம் தயாரிச்சதுன்னு அர்த்தம். புது டயர் வாங்கும்போதும் அதைப் பார்த்து வாங்குங்க.

செயின்: இறுக்கமா இருந்தா ஆபத்து

செயின் தொங்கக்கூடாதுன்னு பலரும் டைட்டா வைப்பாங்க. எடை ஏத்திப் போற வண்டிக்கு இது ரொம்பத் தப்பு. ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது முன் ஸ்பிராக்கெட்டுக்கும் பின்சக்கர ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம் மாறிக்கிட்டே இருக்கும். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் திருகுற இடம், பின் ஆக்ஸில், மூணும் ஒரே நேர்கோட்டுல வரும்போது அந்தத் தூரம் ரொம்ப அதிகம், செயின் ரொம்ப இறுக்கம். எடை ஏறினதும் வண்டி அந்த நிலையை நோக்கித்தான் இறங்குது. சும்மா நிக்கும்போதே இறுக்கமா இருந்த செயின், ரெண்டு பேர் ஏறி ஒரு பள்ளத்துல இறங்கும்போது கம்பி மாதிரி ஆயிடும். அந்த இழுப்பு கியர் பெட்டியோட ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் போகும். ஸ்விங் ஆர்ம்ல ஒட்டியிருக்கிற அளவுக்குள்ள, கொஞ்சம் தளர்வான பக்கமா வைங்க.

இந்த வண்டிகளோட செயினுக்குள்ள ரப்பர் வளையம் இருக்கு. உள்ளே இருக்கிற கிரீஸை அதுதான் காக்குது. அதனால பெட்ரோல் ஊத்திக் கழுவாதீங்க. மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ போதும், மெல்லிய பிரஷ் போதும். 500, 600 கிலோமீட்டருக்கு ஒரு தடவையும், மழையில நனைஞ்சா அன்னைக்கே ராத்திரியும் லூப் அடிங்க. எஞ்சினை அணைச்சு, நியூட்ரல்ல வெச்சு, சக்கரத்தைக் கையால சுத்தணும். எஞ்சின் ஓடும்போது கியர்ல போட்டுச் சுத்தவிட்டா விரல் போயிடும். இதை நான் மிரட்டுறதுக்காகச் சொல்லலை.

பிரேக்: ஒரு பஸ் நீளம்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுக்கு 22 மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு செகண்ட் ஆனாலே 22 மீட்டர் போயாச்சு. காஞ்ச ரோட்டுல நல்லா அழுத்தினா, அதுக்கப்புறம் நிக்க இன்னொரு 36 மீட்டர். இது தனியா ஓட்டும்போது.

இப்போ ரெண்டு பேரும் லக்கேஜும் இருக்கு. உங்க விரலுக்குப் பழகின அழுத்தம் அதேதான். அதே அழுத்தத்துக்கு 356 கிலோ வண்டி நிக்க 47 மீட்டர் வேணும். 11 மீட்டர் கூடுது. ஏறக்குறைய ஒரு டவுன் பஸ் நீளம். பிரேக்குக்கு இன்னும் பலம் இருக்கு, இன்னும் அழுத்தினா பிடிக்கும். ஆனா அவசரத்துல பழகின கைதான் வேலை செய்யும். அதனால கிளம்பின முதல் பத்து நிமிஷத்துல காலி ரோட்டுல, பின்னாடி யாரும் வரலைன்னு பார்த்து, பின்னாடி இருக்கிறவர்கிட்ட சொல்லிட்டு, ரெண்டு மூணு தடவை கொஞ்சம் கொஞ்சமா அழுத்தி நிறுத்திப் பழகுங்க. தனியா ஓட்டும்போது பெருசா உதவாத பின் பிரேக், இப்போ பின்சக்கரத்துல பாரம் இருக்கிறதால நல்லாப் பிடிக்கும். ரெண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்க. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டி எல்லாத்துக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அது சக்கரம் பூட்டாமப் பார்த்துக்கும். இடைவெளியை நீங்கதான் விடணும்.

மலை இறங்கும்போது இன்னொரு விஷயம். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. எடை கூடின அளவுக்கு பிரேக்ல சூடும் கூடும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக்கூடாதுங்கிறது தர விதி. ஈரம் ஏறின ஆயிலுக்கு அந்த விதி 155 டிகிரிதான். கொதிச்சா குழாய்ல ஆவி உண்டாகும், லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாத்துங்க. இறங்கும்போது, ஏறும்போது போட்ட அதே சின்ன கியர்லயே இறங்குங்க. எஞ்சினும் கொஞ்சம் பிடிச்சு வைக்கட்டும்.

பின்னாடி உட்கார்றவர்

அவங்க கையில பிரேக் இல்லை, ஹேண்டில் இல்லை. மேல சொன்ன எதையும் அவங்களால செய்ய முடியாது. நீங்க செஞ்சிருப்பீங்கன்னு நம்பித்தான் ஏறுறாங்க. அதனால உங்க ஹெல்மெட் மாதிரியே தரமான ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, ஷூ அவங்களுக்கும் வேணும். வளைவுல எந்தப் பக்கம் திரும்புறோமோ அந்தப் பக்கத் தோளுக்கு மேலால பார்க்கச் சொல்லுங்க. உடம்பு தானா வண்டியோட சாயும். பிரேக் பிடிக்கும்போது டேங்க்ல கை ஊனிக்கலாமா, கிராப் ரெயிலைப் பிடிக்கலாமான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. தோள்ல ரெண்டு தட்டு தட்டினா நிறுத்தணும்னு ஒப்பந்தம் போட்டுக்கோங்க. அவங்க தட்டலைன்னாலும் 100 கிலோமீட்டருக்கு ஒரு டீ.

சுருக்கமா: மேனுவல் எடை, ப்ரீலோட், ஹெட்லைட், டயர் காத்து, செயின் தளர்வு, பிரேக் ஆயில், பின்னாடி இருக்கிறவரோட பேச்சு. ஏழு விஷயம். முதல் தடவை ஒரு சாயங்காலம் ஆகும், பழகிட்டா அரை மணி நேரம்கூட ஆகாது.

அடுத்த எபிசோடில் மழைக்கால ரைடிங் பத்திப் பேசலாம். உங்க வண்டி என்ன, ரெண்டு பேர் ஏறினா எவ்வளவு இறங்குதுன்னு அளந்து எழுதி அனுப்புங்க. பத்திரமா ஓட்டுங்க மக்களே.