ஓடம் தரை தொடலாமா?

‘ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்’ என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. ஆனால், வண்டியில் ஏறி வீடு வந்து சேர்ந்த ஓடத்தை அடுத்த வெள்ளம் வரும்வரை எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்பதைப் பழமொழி சொல்லவில்லை. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிந்து செல்லும் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் வாழும் நமக்கு இது வீண் கேள்வி அன்று. ஆற்றங்கரை ஊர்க்காரனுக்கு ஓடம் என்பது பொழுதுபோக்குப் பொருள் மட்டும் இல்லை. ஆபத்துக் காலத்தில் உயிர் ஏற்றும் பொருளும் ஆகும்.

ஓடத்தின் பகை எது?

ஓடத்துக்குப் பகை நீர்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஓடம் கெடத் தொடங்குவது பெரும்பாலும் கரையில்தான். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து பாசனத்துக்காக ஜூன் 12ஆம் நாள் நீரைத் திறந்து, ஜனவரி 28ஆம் நாள் அடைப்பது மரபு. அணையின் இருப்பைப் பொறுத்து இந்த நாட்கள் முன்பின்னாக மாறுவதுண்டு. எப்படியானாலும் ஆண்டில் ஏறக்குறைய நான்கரை மாதம் நம் ஆறுகள் மணல்வெளியாகக் கிடக்கின்றன. ஓடத்துக்கு அது ஓய்வுக்காலம், சோதனைக்காலமும் அதுவே.

மரத்தை மக்கச் செய்பவை ஒருவகைப் பூஞ்சைகள். அவை வளர ஈரமும் காற்றும் வெப்பமும் வேண்டும். ஆழமான நீரில் மூழ்கிக் கிடக்கும் மரத்துக்குப் போதிய காற்று கிடைப்பதில்லை. ஆதலால் அது எளிதில் மக்குவதில்லை. நன்கு உலர்ந்து, ஈரப்பதம் நூற்றுக்கு 20 பங்குக்கும் குறைவாக உள்ள மரத்திலும் பூஞ்சை வளர்வதில்லை. ஈர மண்ணின்மேல் கிடக்கும் மரத்துக்கோ மூன்றும் ஒருங்கே வாய்க்கின்றன. வேலிக்கால் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மேற்பகுதி உறுதியாக இருக்கும். மண்மட்டத்தில் மட்டும் கை பட்டாலே உதிரும். தரையில் போட்ட ஓடத்தின் அடிப்பலகைக்கும் நேர்வது இதுவே.

அடுத்தது கரையான். மண்ணிலிருந்து நேரே மரத்துக்குள் ஏறிவிட்டால், உள்ளே தின்பது வெளியே தெரியாது. ஆனால் ஓடம் ஓரடி உயரத்தில் நின்றால் கரையான் தாங்குகால்களின்மீது மண்புற்று கட்டித்தான் ஏறியாக வேண்டும். புற்று நம் கண்ணில் படும்; துடைப்பத்தால் தட்டிவிடலாம். உயரத்தில் வைப்பதன் பயன் கரையானைத் தடுப்பதோடு, அதைக் காட்டிக் கொடுப்பதும் ஆகும்.

முன்னோர் கண்ட முறை

தஞ்சைத் தரணியில் இது புதிய பாடம் அன்று. பத்தாயத்துக்குக் கால் வைத்து, அடியில் காற்றுப் புகவிட்டவர்கள் நம் பாட்டன்மார். நெல் மூட்டையை இன்றும் வெறுந்தரையில் அடுக்குவதில்லை. கீழே கட்டையோ பலகையோ போட்டுத்தான் அடுக்குகிறோம். நெல்லுக்குச் செய்வதை ஓடத்துக்கும் செய்ய வேண்டும், அவ்வளவே.

கடற்கரையில் கட்டுமரக்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். கரை திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே பிரித்து, மணல்மேட்டில் உலர விட்டார்கள். நீரைக் குடித்த மரம் கனக்கும். கனத்த மரம் அலையில் எழாது. ஒகேனக்கல் பக்கத்துப் பரிசல்காரர்கள் வேலை முடிந்ததும் பரிசலைக் கவிழ்த்து உலர்த்துகிறார்கள். கேரளத்து ஆறன்முளையில் பம்பை ஆற்றின் பள்ளியோடங்களுக்கென்றே ‘பள்ளியோடப்புரை’ என்னும் கொட்டகைகள் உள்ளன. ஆண்டில் சில நாளே நீரில் இறங்கும் அந்த நெடிய ஓடங்கள், மற்ற நாளெல்லாம் கூரை நிழலில் காக்கப்படுகின்றன.

வீட்டில் செய்வது எப்படி?

மேனாட்டார் ‘கானோ’ எனப்படும் குறுகிய நீண்ட ஓடத்தைக் கார்க் கொட்டகையின் கூரையில் தொங்கவிடுகிறார்கள். நம் வீட்டு வண்டிக் கொட்டகையும் அதற்குப் போதும். கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, கவிழ்த்து வைத்தல். நிமிர்த்தி வைத்த ஓடத்தில் ஒழுகும் மழைநீரும் சருகும் தேங்கும். கவிழ்த்தால் தங்க இடமில்லை. உறுதியான மேல்விளிம்பும் பாரத்தை ஏற்கும்.

இரண்டாவது, தாங்கும் இடம். இங்கே நம் இயற்பியல் பாடம் கைகொடுக்கிறது. நீண்ட ஓடத்தை இரு முனைகளில் மட்டும் தாங்கினால் அதன் நடுப்பகுதி நாளடைவில் தொய்யும். நடுவில் மட்டும் தாங்கினால் முனைகள் தாழும். சீரான எடையுள்ள ஒரு கோலை, ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளித் தாங்கினால், அதை வளைக்கும் திருப்புத்திறன், முனைகளில் தாங்கும்போது உள்ளதில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே 16 அடி ஓடத்துக்கு முனையிலிருந்து மூன்றடிக்குச் சற்று மேல் தள்ளித் தாங்குகட்டை வைப்பது நலம். கட்டையின்மேல் பழஞ்சாக்கைச் சுற்றினால் விளிம்பு தேயாது.

வட்டமான பரிசலுக்கு இக்கணக்கு பொருந்தாது. அதைக் கவிழ்த்து, விளிம்பின் கீழே சம இடைவெளியில் மூன்று கட்டைகள் வைக்கலாம். மூன்று புள்ளிகள்மேல் நிற்கும் பொருள், தரை மேடுபள்ளமானாலும் ஆடாது. கிணற்றடியில் முக்காலி ஆடாமல் நிற்பதும் இதனால்தான்.

மூன்றாவது, உயரே தூக்குதல். இடம் குறைவான வீட்டில் ஓடத்தைத் தொங்கவிடலாம். கிணற்றுக் கப்பி இழுக்கும் திசையை மாற்றுமே தவிர, பாரத்தைக் குறைக்காது. ஓடத்தோடு சேர்ந்து மேலேறும் கப்பி ஒன்றையும் சேர்த்தால் இழுக்கும் விசை பாதியாகும். 40 கிலோ ஓடத்தை இரண்டிடத்தில் கட்டினால் பக்கத்துக்கு 20 கிலோ. ஏறு கப்பி சேர்த்தால் பக்கத்துக்கு ஏறத்தாழ 10 கிலோ விசை போதும். அதற்கு ஈடாகக் கயிற்றை இரு மடங்கு நீளம் இழுக்க வேண்டும். உராய்வால் சற்றுக் கூடுதலும் ஆகும். மெல்லிய கயிறு ஓடத்தை அறுக்கும். அகன்ற பட்டைவாரே நல்லது. கொக்கியை ஓட்டுச் சட்டத்தில் மாட்டாமல் உத்தரத்தில் மாட்டுங்கள். கட்டில் போடும் இடத்துக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் மேலே ஒருபோதும் தொங்கவிடாதீர்கள்.

நான்காவது, நிழலும் காற்றும். கடும் வெயிலில் மரம் வெடிக்கும்; பரிசலில் பூசிய தார் இளகும்; கண்ணாடியிழை ஓடமும் வெளிறி வலுவிழக்கும். வெயிலுக்கு அஞ்சிப் பாலித்தீன் தாளால் இறுக மூடுவதும் தவறு. உள்ளே சிக்கிய ஈரம் இரவில் வியர்த்து மரத்திலேயே ஊறும். மேலே கூரை, பக்கங்களில் திறப்பு என்பதே சரியான வழி. ஓடத்தை வைப்பதற்கு முன் சேற்றைக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். மாதம் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஓசை நலத்தின் அறிகுறி; மந்தமான ஓசை கேட்டால் அங்கே உளுப்போ மக்கலோ இருக்கலாம்.

ஏன் இத்தனை அக்கறை?

1924ஆம் ஆண்டின் காவிரிப் பெருவெள்ளம் நம் வீட்டு முதியோர் வழிவழியாகச் சொல்லக் கேட்டது. 1977 நவம்பரில் திருச்சி நகரம் நீரில் மூழ்கியது. 2018 ஆகஸ்ட் 22 இரவில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பகுதியில் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அணையும் பாலமும் பெருகிய பின்னும் வெள்ளம் முன்னறிவிப்பின்றி வரத்தான் செய்கிறது. அந்த இரவில் ஓடத்தைத் தேடி ஓடுபவன் அதன் அடிப்பலகையைச் சோதித்துக் கொண்டிருக்க மாட்டான். பிள்ளையை ஏற்றுவான், பெற்றோரை ஏற்றுவான், துறையை விட்டுத் தள்ளுவான். பலகை மக்கியிருந்தால் அது தெரிவது நடு ஆற்றில்தான். அதற்கான காரணம் மட்டும் சித்திரை வெயிலில், கொல்லைப்புறத்து மண்ணில் நடந்து முடிந்திருக்கும்.

மாணவ நண்பர்களே, கோடையில் இரண்டு கட்டைகளைத் தேடி வைப்பது சிறு வேலை. ஆறு வற்றியிருக்கும்போது அதைச் செய்து முடித்த வீட்டில், ஆறு பெருகும் நாளில் ஓடம் ஆயத்தமாக இருக்கும்.