ஹ்யூகோ, நெபுலா நாவல்கள்: எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

விருது வாங்கிய சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி நாவல்களை வரிசையாக வாசிக்கணுமா? ஹ்யூகோ பட்டியல் 1953-ல் ஆல்ஃபிரட் பெஸ்டரிடம் தொடங்குகிறது. 70 வருஷத்தைத் தாண்டி வரணும். பேசாம கடைசியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

2023-ம் ஆண்டுக்கான நெபுலா, சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேர விமானத் தூரத்தில் இருக்கும் கொழும்புக்குப் போனது. வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' நாவலுக்கு! மகான் எனக் கொண்டாடப்படும் அப்பாவைக் கொல்லவே அம்மா வளர்த்த மகனின் கதை. அவன் பெயர் ஃபெட்டர், அதாவது தளை. புத்தரின் மகன் ராகுலன் பெயருக்கும் பௌத்த மரபு சொல்லும் பொருள் அதுதான். இனக்கலவரம், தடுப்பு முகாம் எல்லாம் வரும். தமிழ் வாசகருக்கு அடிக்குறிப்பே தேவைப்படாது.

அடுத்து, 2016 முதல் 2018 வரை தொடர்ந்து 3 ஹ்யூகோ வென்ற என்.கே.ஜெமிசின். வாங்கும் முன் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒருமுறை தேடிப் பாருங்க.