ஆமி ஆண்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

இலங்கையில் இராணுவச் சதி ஒருமுறையும் வென்றதில்லை. 1962 ஜனவரி 27 இரவு சிறிமாவோ அரசைக் கவிழ்க்கப் படையிலும் பொலிஸிலும் இருந்த உயரதிகாரிகள் சிலர் போட்ட திட்டம், செய்தி கசிந்து அன்றிரவே முறிந்தது. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் படித்த கிறிஸ்தவர்கள். அதன் பிறகு படையில் சிங்கள பௌத்தர்களே பெருகினர். கிழக்குக் கரையில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் மக்கள் பின்னாளில் கண்டது அந்தப் படையைத்தான்.

இந்தக் கரையில் ஆமியைப் பற்றி ஒரே கருத்து இருந்ததாகச் சொன்னால் அது பொய். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் புலிகள் முஸ்லிம்களைக் கொன்று குவித்தபோது, ஊர்கள் அரசுப் படையைத்தான் பாதுகாப்புக்கு நம்பின. பிள்ளைகள் ஊர்காவல் படையில் சேர்ந்து துவக்குப் பிடித்தார்கள். அந்தத் தலைமுறைக்கு ஆமி மீது நன்றியும் உண்டு, பயமும் உண்டு.

போர் முடிந்த பிறகு பயம்தான் வளர்ந்தது. ஒலுவிலை அடுத்த அஷ்ரப் நகரில் 2011இல் விவசாயிகளின் காணிக்குள் ஆமி புகுந்து முகாம் அமைத்தது. இப்படிக் காணி பறிபோனவர் கிராம சேவகரிடம் போனால் அவர் பிரதேச செயலகத்தைக் காட்டுவார். அங்கே போனால் கச்சேரிக்குப் போகச் சொல்வார்கள். கச்சேரியிலோ கேம்ப்பில் கேட்கச் சொல்வார்கள். கேம்ப் வாசலில் நிற்கும் சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. இத்தனைக்கும் நாட்டில் தேர்தல்கள் நடந்துவந்த காலம் அது. 2015 வரை கிழக்கின் ஆளுநர் நாற்காலியில் இருந்தவரும் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரியே.

2019இல் முன்னாள் இராணுவ அதிகாரி கோட்டாபய ராஜபக்ச வாக்குகளால் ஜனாதிபதியானார். கல்முனைத் தொகுதி அவரை அடியோடு நிராகரித்தது. அடுத்த ஜூனில் கிழக்கின் தொல்பொருள் இடங்களுக்கென அவர் நியமித்த செயலணிக்குத் தலைவர் பாதுகாப்புச் செயலாளர், ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் கமல் குணரத்ன. தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. வயலும் வீடும் எந்த நேரம் பௌத்தப் 'புனித பூமி' ஆகுமோ என்று பொத்துவில் மக்கள் கலங்கியதில் வியப்பில்லை.

இராணுவமே ஆண்டால் என்னவாகும் என்பதற்கு ஆபிரிக்காவைப் பார்க்கலாம். மாலியில் 2020இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தலைநகர் பமாக்கோவில் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஊழல் அரசு மீது அத்தனை வெறுப்பு. ஆனால் 2022 மார்ச்சில் மௌரா என்ற கிராமத்தில் அந்தப் படையும் அதன் வெளிநாட்டுக் கூட்டாளிகளும் ஐந்நூறு பேருக்கு மேல் கொன்றதாக ஐ.நா. விசாரணை கூறியது. இராணுவ அரசு அதை மறுத்தது. கைதட்டிய தெரு தலைநகரில் இருந்தது. இழப்பு கிராமத்தின் தலையில் விழுந்தது.

எம்.பி.மார் மீது இங்கும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இருந்தும் ஜெனரல்களின் கையில் நாட்டைக் கொடுத்துவிடலாம் என்று இங்குள்ள ஏழைகள் நினைக்க மாட்டார்கள் என்றே நான் கருதுகிறேன். கொவிட் காலத்தில் தேர்தலில் வந்த அரசே எங்கள் ஜனாஸாக்களை எரித்தது. உயர் நீதிமன்றமும் அதற்கெதிரான மனுக்களைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டலாம், நாடாளுமன்றத்தில் பேசலாம், ஜெனீவாவில் முறையிடலாம் என்ற நிலையாவது இருந்தது. 2021 பெப்ரவரியில் கட்டாய எரிப்பு உத்தரவு நீங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது.