எந்த குரூப்பு?

பத்தாம் வகுப்பு முடிவு வெளியானதும் பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்து வீடுகளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இன்னா குரூப்பு எடுக்கப் போறே?” மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு, அரசு மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர் அறை வாசலில் பெற்றோர் காத்திருப்பார்கள். சிப்காட் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தவர்கள் இருப்பார்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்களும் இருப்பார்கள். உள்ளே போனதும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

“சார், பொண்ணுக்கு பர்ஸ்ட் குரூப்பே குடுத்துடுங்க சார்.”

“குடுக்கலாம்மா. பொண்ணு என்ன ஆவணும்னு சொல்லுது?”

இந்தக் கேள்விக்குப் பல வீடுகளில் பதில் தயாராக இருப்பதில்லை.

குரூப்பு என்பது பள்ளிக்கூடத்துக்குள் வந்து அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. முன்பெல்லாம் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளி முடிந்துவிடும், பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். 1964-66இல் இயங்கிய கோத்தாரி கல்விக் குழு 10+2+3 முறையைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கின. முதல் பிளஸ் டூ பொதுத் தேர்வு 1980இல் நடந்தது. அதோடு கல்லூரியில் இருந்த துறைகளும் பள்ளிக்கு இடம் மாறின. ஒவ்வொரு பாடத்துக்கும் முதுகலை ஆசிரியர், அறிவியல் பாடங்களுக்கு ஆய்வகம் என்று பள்ளியின் உருவமே மாறிப்போனது.

மேல்நிலையில் படிப்பது ஆறு பாடங்கள். முதல் பகுதி தமிழ். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு எடுப்பவர்களும் உண்டு. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மீதி நான்கு பாடங்கள்தான் குரூப்பைத் தீர்மானிக்கின்றன. இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு உயிரியலோ கணினி அறிவியலோ சேர்ந்தால் பர்ஸ்ட் குரூப். கணிதம் இல்லாமல் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்களாக வந்தால் பியூர் சயின்ஸ். கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல் என்று போவது காமர்ஸ். அதில் வணிகக் கணிதமோ கணினிப் பயன்பாடுகளோ சேரும். வரலாறு எடுத்துப் படிக்கும் கலைப் பிரிவும், தொழிற்கல்விப் பிரிவும் தனியாக இருக்கின்றன.

பர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்ற எண்கள் வெறும் அடையாளம்தான். ஆனால் பெற்றோர் காதில் அது ரேங்க் போல விழுகிறது. பர்ஸ்ட் கிடைத்தால் கெட்டிக்காரப் பிள்ளை, தேர்ட் என்றால் மந்தம் என்று தெருவே முடிவு கட்டிவிடுகிறது. எண்ணைப் பார்ப்பதைவிட, எந்தப் பாடம் எந்தப் படிப்புக்குக் கொண்டுபோய் விடும் என்று பார்ப்பதே பயன். இன்ஜினியரிங்குக்குக் கணிதம் வேண்டும். மருத்துவத்துக்கும் பி.எஸ்சி. நர்ஸிங்குக்கும் உயிரியல் வேண்டும். சி.ஏ. படிக்கவும் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேரவும் எந்த குரூப்பும் தடையில்லை.

பொன்னேரியிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஊரில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே மீன்வள அறிவியல் பட்டப்படிப்பான பி.எப்.எஸ்சி. சேர இயற்பியல், வேதியியலோடு உயிரியல் படித்திருக்க வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் வலை வீசும் குடும்பத்துப் பையன், பேர் நன்றாக இருக்கிறதே என்று கணினி அறிவியல் குரூப்பில் சேர்ந்துவிட்டால், தன் அப்பாவின் தொழிலையே பட்டமாகப் படிக்கும் வாய்ப்பு பக்கத்து ஊரில் இருந்தும் அவனுக்கு இல்லாமல் போகும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் தரும் 7.5 சதவீத ஒதுக்கீடு மீன்வளப் படிப்புக்கும் பொருந்தும் என்பதை எத்தனை வீடுகளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறோம்?

அதிகம் கவலைப்பட வேண்டியது தொழிற்கல்விப் பிரிவைப் பற்றித்தான். அடிப்படை இயந்திரவியல், மின்பொறியியல், செவிலியம், வேளாண் அறிவியல், அலுவலக மேலாண்மை என்று இதில் பாடங்கள் உண்டு. எழுத்துத் தேர்வுக்குச் சமமாகச் செய்முறையும் ஒரு தனிப் பாடம். வெர்னியர் காலிப்பரின் தாடைகளுக்கு நடுவே ஓர் இரும்புத் துண்டைப் பிடித்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளவு சொல்லப் பதினாறு வயதுப் பிள்ளை பழகுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலையிலும் வாகன உதிரிபாக ஆலையிலும் தினமும் நடக்கும் வேலை இது. இதைப் படித்தால் மேற்படிப்பே கிடையாது என்ற பேச்சும் தவறு. பொறியியல் தொழிற்பிரிவு படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; பொறியியல் கலந்தாய்விலும் அவர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. இருந்தும், தொழிற்கல்வி ஆசிரியர்கள் ஓய்வுபெற ஓய்வுபெற அந்த இடங்கள் நிரப்பப்படாமல், தமிழ்நாட்டின் பல பள்ளிகளில் இந்தப் பிரிவுகளே மூடப்பட்டுவிட்டன. அனல்மின் நிலையமும் துறைமுகமும் தொழிற்பேட்டையும் சூழ்ந்த வட்டாரத்தில் இது பெரிய இழப்பு.

தேர்வு முறையும் மாறிக்கொண்டே இருக்கிறது. 1200 மதிப்பெண் 600 ஆனது. பிளஸ் ஒன்னுக்கு 2018இல் பொதுத் தேர்வு வந்தது. பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளைக் கட்டுப்படுத்தத்தான் அந்த ஏற்பாடு. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு நீக்கப்பட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதே. பழைய வழக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்வது இனி பெற்றோர் கையிலும் இருக்கிறது. பிளஸ் ஒன் பாடநூலைப் பிள்ளை பிரித்துப் பார்க்கிறதா என்று கவனிக்கலாம்.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் தலைமையாசிரியரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை சில உண்டு. அந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக ஆசிரியரா? வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டையும் பிப்பெட்டையும் வாரா வாரம் பிள்ளைகள் கையில் தருகிறார்களா, செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம்தான் அலமாரி திறக்குமா? வகுப்பு தொடங்கிச் சில நாட்களில் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் குரூப்பு மாற்றிக் கேட்கலாம். இடம் இருந்தால் மாற்றித் தருவதும் உண்டு. பாடம் ஓடிய பிறகு கேட்டால் கஷ்டம்.

“நர்ஸ் ஆவணும் சார்” என்று அந்தப் பெண்ணே வாய் திறந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வேலை சுலபமாகிவிடும். “அப்போ உயிரியல் இருக்கணும்மா. கணக்கு வருமா உனக்கு? வந்தா பயோ-மேக்ஸ், வரலைன்னா பியூர் சயின்ஸ். ரெண்டுல எது எடுத்தாலும் நர்ஸிங் போலாம்.”