கண்காட்சி மண்டபத்தில் கால்நடைகளைப் படமெடுத்தல்

நாமக்கல் வட்டாரத்துக் கண்காட்சிப் படங்களில் மாலையும் கோப்பையும் நன்றாகத் தெரிகின்றன, மாடுதான் தெரிவதில்லை. சேலம் கருப்பு ஆடோ கரிக்கட்டிபோல் பதிந்திருக்கிறது. விற்பனைக்கும் காப்பீட்டிற்கும் படம் வேண்டப்படுவதால், இதனைச் சிறு குறையென நாம் கொள்வதற்கில்லை.

மண்டபத்தில் வெளிச்சமே முதல் இடையூறு. கால்நடைக்குப் பின்னால் வாயில் இருந்தால் உருவம் இருண்டுவிடும். வாயில் படமெடுப்பவரின் முதுகுப்புறம் இருத்தல் வேண்டும். பஞ்சாயத்தார் வாயிலருகே ஓர் இடத்தை இதற்கென ஒதுக்குதல் நலம். கருப்பு ஆட்டை வெள்ளைச் சுவரின்முன் நிறுத்தினால், கைப்பேசி சுவரின் ஒளிக்கேற்பப் படத்தை மங்கச் செய்து ஆட்டை இருளாக்கிவிடும். பிளாஷ் விளக்கு வேண்டா. கண்கள் பச்சையாய் ஒளிர்வதோடு, மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொள்ளவும் கூடும்.

நின்றபடி மேலிருந்து எடுத்தால் கால்கள் குட்டையாகத் தோன்றும். மாட்டிற்கு முழங்காலிட்டும், ஆட்டிற்குத் தரையில் அமர்ந்தும், உடலின் நடு உயரத்தில் கருவியைப் பிடிக்க வேண்டும். நான்கு கால்களும் குளம்புகளும் தெரிய வேண்டுமாதலால் வைக்கோலை விலக்குக. எதிரே ஒருவர் சோளத்தட்டையை அசைப்பாராயின் காதுகள் தாமே நிமிரும்.

காப்பீட்டிற்கான படத்தில் காதுவில்லையின் 12 இலக்க எண் படிக்கத்தக்கதாக இருத்தல் இன்றியமையாதது. எண் புலப்படாவிடில், மாடு இறந்தபின் இழப்பீடு கோருவோர் இன்னலுறுவர். காங்கேயம் கன்று செந்நிறமாய்ப் பிறந்து, ஏறத்தாழ 6 மாதத்தில் சாம்பல் நிறமடைவது. அதன் பழைய படம் உதவாது. வில்லை அறுந்து விழுந்திருப்பின், கால்நடை மருந்தகத்தில் புதிய வில்லை இடுவித்து, காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்துப் படத்தையும் மாற்றிக்கொள்க.